கடல் தாண்டி இருப்பவருக்கு வீடு விற்பது

(கட்டுமானத் தொழில் செய்வோரும் இணையதள வடிவமைப்பாளர்களும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

வீடு கட்டி விற்கும் பெரியவர்களும், அவர்களுக்கு இணையதளம் செய்து கொடுக்கும் இளைஞர்களும் ஒரே கூடத்தில் உட்கார்ந்திருப்பது அபூர்வம். வழக்கமாக இரண்டு தரப்பும் நேரில் பார்த்துக்கொள்வது பில் பாக்கி கேட்கும்போதுதான். இன்று அந்தச் சங்கடம் இல்லை.

வெளிநாட்டில் இருக்கும் நம்மவர்கள் நம்பிக்கையோடு வாங்கும்படி ஒரு இணையதளத்தை எப்படி அமைப்பது என்று பேசச் சொன்னார்கள். தமிழ்நாட்டில் வீடும் மனையும் விற்பவர்களை மனதில் வைத்தே பேசுகிறேன். சொல்ல வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் தளத்துக்கு வருகிறவரை அங்கேயே பிடித்து வைக்கப் பார்க்காதீர்கள். அரசின் தளத்துக்கும், தன் வக்கீலுக்கும், ஊரில் இருக்கும் மாமனாருக்கும் அவர் போய்ச் சரிபார்க்க என்னென்ன வேண்டுமோ அதையெல்லாம் கையில் கொடுத்து அனுப்பிவிடுங்கள். போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பி வருகிறவர்தான் வாங்குவார். போகவே முடியாதபடி நீங்கள் கட்டி வைத்திருக்கும் தளத்தைப் பார்ப்பவர் போன் செய்வார், விலை கேட்பார், ஊருக்கு வரும்போது பார்க்கலாம் என்பார். அதோடு சரி.

அழகு வேண்டாம் என்று சொல்லவில்லை. 2002-இல் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் பி.ஜே. ஃபாக் குழு இரண்டாயிரத்து அறுநூறுக்கும் மேற்பட்டவர்களிடம் இணையதளங்களைக் காட்டி, எதை வைத்து நம்புகிறீர்கள் என்று கேட்டது. பாதிக்குச் சற்றுக் குறைவான கருத்துகள் தளத்தின் தோற்றத்தைப் பற்றியவை. வடிவமைப்பாளர்கள் இந்த ஆய்வை வாடிக்கையாளரிடம் காட்டித்தான் கட்டணத்தை ஏற்றுகிறோம். ஆனால் அதோடு சேர்ந்து நடந்த இன்னோர் ஆய்வை யாரும் காட்டுவதில்லை. மருத்துவ, நிதித் தளங்களை அந்தந்தத் துறை வல்லுநர்களிடம் காட்டியபோது அவர்கள் தோற்றத்துக்கு அவ்வளவு மதிப்புக் கொடுக்கவில்லை. தகவல் எங்கிருந்து வருகிறது, யார் சொல்கிறார்கள் என்றே பார்த்தார்கள். ஒரு சட்டை வாங்குகிறவர் முதல் வகை. எண்பது லட்சம் ரூபாய் போட்டு, தான் நேரில் பார்க்காத இடத்தை வாங்குகிறவர் ஒரு மாதத்துக்குள் இரண்டாவது வகை ஆகிவிடுகிறார். தானாக ஆகாவிட்டாலும் உறவினர்கள் ஆக்கிவிடுவார்கள்.

உறவினர்கள் என்றேன். தளத்தை யார் படிக்கிறார் என்பதில்தான் பலரும் தவறுகிறார்கள். நியூஜெர்சியில் இருக்கும் மென்பொருள் பொறியாளர் மட்டும் படிக்கிறார் என்று நினைத்து எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் எழுதுகிறோம். அவர் இரவு பத்து மணிக்குப் பார்த்துவிட்டு, இணைப்பைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடுகிறார். அதைத் திறப்பவர் கும்பகோணத்திலோ தென்காசியிலோ இருக்கும் அப்பா, மாமனார், அல்லது பதிவுத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற சித்தப்பா. இடத்தைப் போய்ப் பார்க்கப் போகிறவர் அவர். பத்திர எழுத்தரிடம் விசாரிக்கப் போகிறவரும் அவர்தான். அவருக்குத் தமிழில் ஒரு பக்கம் இருக்க வேண்டும். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு செல்பேசியில் நீச்சல் குளத்தின் வீடியோவைப் பார்க்கமாட்டார். சர்வே எண் எங்கே என்று தேடுவார்.

அதனால் என்னிடம் வேலை கொடுக்கிற எவரிடமும் முதலில் ஒரே ஒரு தாள் கேட்கிறேன். முகப்புப் படம், லோகோ எல்லாம் பிறகு. அந்தத் தாளில் மாவட்டம், வட்டம், வருவாய்க் கிராமம், சர்வே எண், உட்பிரிவு எண், பட்டா எண், சார்பதிவாளர் அலுவலகத்தின் பெயர், சி.எம்.டி.ஏ. அல்லது டி.டி.சி.பி. திட்ட அனுமதி எண்ணும் தேதியும், உள்ளாட்சியின் கட்டட அனுமதி எண், ரெரா பதிவு எண், நிலத்தின் இப்போதைய உரிமையாளர் பெயர், அவருக்கு அது எந்தப் பத்திரத்தின் வழியாக வந்தது, நிலம் அடமானத்தில் இருந்தால் எந்த வங்கியில் என்பவை இருக்க வேண்டும். ஏ4 தாளில் அச்சிடும்படி, வாட்ஸ்அப்பில் அனுப்பும்படி, மின்னஞ்சல் முகவரி கேட்காமல் அது கிடைக்க வேண்டும்.

வருவாய்க் கிராமத்தின் பெயரை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், நம் விளம்பரங்களில் அது இருப்பதே இல்லை. 'ஓ.எம்.ஆர். அருகில்', 'வண்டலூருக்குப் பக்கத்தில்' என்று போடுகிறோம். அது எந்தக் கிராமம் என்று போட்டால் எவ்வளவு தூரம் என்று தெரிந்துவிடும். பதிவுத் துறையின் தளத்தில் வில்லங்கம் பார்க்க வேண்டுமானால் சார்பதிவாளர் அலுவலகம், கிராமம், சர்வே எண் மூன்றும் வேண்டும். பட்டா, அ-பதிவேடு, புலப்படம் பார்க்கும் வருவாய்த் துறைத் தளத்திலும் மாவட்டம், வட்டம், கிராமம் என்றுதான் கேட்கும். வழிகாட்டி மதிப்பும் அப்படியே. இந்தச் சேவைகளெல்லாம் இணையத்துக்கு வந்து ஆண்டுகள் ஆகிவிட்டன. துபாயில் இருப்பவர் தன் அறையில் உட்கார்ந்தே வில்லங்கம் பார்த்துவிடலாம். அவரைத் தடுத்துக்கொண்டிருப்பது நாம் எழுதாமல் விட்ட அந்தக் கிராமத்தின் பெயர் மட்டும்தான்.

வில்லங்கச் சான்று காட்டாதது எது என்பதையும் அந்தப் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள். பதிவான ஆவணம்தான் அதில் வரும். பதிவு செய்யாத உயில் வராது. நீதிமன்றத்தில் நடக்கும் பாகப்பிரிவினை வழக்கு பெரும்பாலும் வராது. 'வழக்கு எதுவும் இல்லை' என்றோ, 'இந்த வழக்கு இருக்கிறது, இந்த நிலையில் இருக்கிறது' என்றோ உங்கள் பெயரில் ஒரு வரி இருக்கட்டும். எழுதத் துணிவு வராத இடத்தில்தான் வக்கீலிடம் இன்னொரு முறை பேச வேண்டியிருக்கிறது என்று உங்களுக்கே தெரியும்.

ரெரா, அதாவது மனை வணிக ஒழுங்குமுறைச் சட்டத்தையும் அதன் ஆணையத்தையும் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். தளம் செய்கிற இளைஞர்கள் இதைப் படிப்பதே இல்லை. 2016-ஆம் ஆண்டுச் சட்டப்படி, 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலத்தில், எட்டு வீடுகளுக்கு மேல் வரும் திட்டத்தைப் பதிவு செய்யாமல் விளம்பரமே செய்யக் கூடாது. இணையதளமும் விளம்பரம்தான், எந்த ஊடகத்தில் வந்தாலும் சட்டம் ஒன்றாகவே பார்க்கிறது. 'விரைவில் அறிமுகம், ஆர்வத்தைப் பதிவு செய்யுங்கள்' என்று ஒரு படிவத்தைப் போட்டுப் பெயர் வாங்குகிறோமே, அதைப் பதிவுக்கு முன்னால் செய்தால் திட்டமதிப்பில் 10% வரை அபராதத்துக்கு வழியிருக்கிறது. விளம்பரத்தில் பதிவு எண்ணும் ஆணையத்தின் தள முகவரியும் தெளிவாக இருக்க வேண்டும். நம்மவர்கள் அதைப் பக்கத்தின் அடியில், சாம்பல் பின்னணியில் சாம்பல் எழுத்தில் போடுகிறார்கள். அதை மேலே, வீட்டின் பெயருக்கு அடுத்த வரியில் போடுங்கள். சொடுக்கினால் ஆணையத்தின் தளத்துக்கே போக வேண்டும், உங்கள் சேவையகத்தில் கிடக்கும் பி.டி.எஃப். நகலுக்கு அல்ல.

அதே சட்டத்தின் 12-வது பிரிவு இன்னும் கூர்மையானது. விளம்பரத்தில் சொன்னதை நம்பிப் பணம் கட்டியவர், அது பொய் என்று தெரிந்தால் இழப்பீடு கேட்கலாம். திட்டத்திலிருந்து விலகிக்கொண்டு வட்டியோடு பணத்தைத் திரும்பப் பெறலாம். கணினியில் வரைந்த படத்தில் மொட்டைமாடியில் ஒரு தோட்டம் இருக்கிறது, அனுமதி வரைபடத்தில் அது இல்லை என்றால், அந்தப் படத்தை வரைந்த பையன் உங்களுக்குக் கடன் ஏற்றிவிட்டான் என்று பொருள். 13-வது பிரிவின்படி, பதிவு செய்த ஒப்பந்தம் இல்லாமல் விலையில் 10 விழுக்காட்டுக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது. அதைத் தளத்தில் நீங்களே எழுதுங்கள்: 'ஒப்பந்தம் பதிவாகும் வரை 10 விழுக்காட்டுக்கு மேல் கேட்கமாட்டோம், யாராவது எங்கள் பெயரில் கேட்டால் கொடுக்காதீர்கள்.' வாங்குபவர்களிடம் வசூலிக்கும் பணத்தில் 70% அந்தத் திட்டத்துக்கென்றே தனி வங்கிக் கணக்கில் இருக்க வேண்டும் என்பதும், கட்டமைப்புக் குறைகளுக்கு ஐந்தாண்டு பொறுப்பு உங்களுடையது என்பதும் சட்டம் சொல்வதுதான். கொடுத்தே ஆக வேண்டியதைச் சலுகைபோல விளம்பரம் செய்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். வாங்குபவரின் சித்தப்பா அதை ஒரே நாளில் கண்டுபிடித்துவிடுவார்.

மனை விற்பவர்களுக்குத் தனியாக ஒரு சொல். 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரமில்லாத மனைகளின் பதிவை நிறுத்தி வைத்தபோது, வெளிநாட்டிலிருந்து சிறுகச் சிறுகச் சேர்த்து மனை வாங்கிப் போட்டிருந்த எத்தனையோ பேர் விற்கவும் முடியாமல் கட்டவும் முடியாமல் தவித்தார்கள். மறு ஆண்டு வரன்முறைத் திட்டம் வந்தது. 2016 அக்டோபர் 20-க்கு முன் விற்ற மனைகளுக்கு அதில் வழி கிடைத்தது. அந்தத் தலைமுறைக்கு 'அப்ரூவ்டு' என்ற சொல்லின் மேல் இப்போதும் சந்தேகம் உண்டு. பஞ்சாயத்து அப்ரூவல் என்று சொல்லி விற்றதைத்தான் அவர்கள் வாங்கினார்கள். எனவே 'அங்கீகரிக்கப்பட்ட மனை' என்று மட்டும் எழுதினால் போதாது. யார் அங்கீகரித்தது, எந்த எண், எந்தத் தேதி, லேஅவுட் வரைபடத்தில் சாலைக்கும் பூங்காவுக்கும் விட்ட இடம் உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் ஆகிவிட்டதா என்று எழுதுங்கள்.

இனி உங்களுக்குப் பிடிக்காத பகுதி. மனையின் குறையைத் தளத்தில் எழுதச் சொல்கிறேன்.

2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூரையும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது பள்ளிக்கரணை, பெரும்பாக்கம் பக்கத்தையும் உலகம் முழுக்க இருக்கும் தமிழர்கள் தொலைக்காட்சியில் பார்த்தார்கள். படகில் ஆட்களை ஏற்றியதைச் செல்பேசியில் பார்த்தவரிடம், அதே பகுதியில் 'ஏரி காணும் இல்லம்' என்று விற்கிறோம். அவர் மனதில் ஓடும் கேள்வி ஒன்றுதான்: தண்ணீர் எதுவரை வந்தது? அதற்குத் தளத்தில் பதில் இருக்கிறதா? தெருவில் இந்த அளவு நின்றது, அதன் பிறகு தரைத்தளத்தை இவ்வளவு உயர்த்தியிருக்கிறோம், வடிகால் இந்தப் பக்கம் போகிறது என்று எழுதினால் விற்காமல் போகுமா? போகிறவர்கள் போகட்டும், அவர்கள் பக்கத்து வீட்டுக்காரரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு எப்படியும் போயிருப்பார்கள். குடிநீர் குழாய் இணைப்பா, லாரியா. ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் கோடையில் என்ன ஆகிறது. உயரழுத்த மின்கம்பி எத்தனை மீட்டர் தள்ளிப் போகிறது. அணுகுசாலையின் அகலம் என்ன. இவையெல்லாம் நேரில் வருகிறவர் பத்து நிமிடத்தில் கண்டுபிடிப்பவை. வர முடியாதவருக்கு மட்டும் மறைத்து வைத்தால் அவர் அதை எப்படி எடுத்துக்கொள்வார் என்று யோசியுங்கள்.

2014 ஜூன் 28 அன்று மவுலிவாக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த பதினொரு மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் இறந்ததை யாரும் மறக்கவில்லை. கட்டமைப்புப் பொறியாளர் யார், மண் பரிசோதனை எப்போது நடந்தது, அடித்தளம் என்ன வகை என்பதை ஒரு பக்கத்தில் போடுவதற்கு உங்களுக்கு ஒரு செலவும் இல்லை. படிக்கிறவருக்குப் பொறியியல் புரியாமல் போகலாம். புரிந்த நண்பர் ஒருவர் அவருக்கு எப்போதும் இருப்பார்.

படங்களைப் பற்றி. கணினிப் படத்தின் மேலேயே 'இது கற்பனைத் தோற்றம்' என்று எழுதுங்கள், கீழே நட்சத்திரக் குறி போட்டு அல்ல. வேலை நடக்கும் இடத்தை மாதம் ஒரு முறை ஒரே இடத்தில் நின்று படம் எடுத்து, மாதத்தின் பெயரோடு வரிசையாகப் போடுங்கள். பழைய படங்களை நீக்காதீர்கள். ஆணையத்தின் தளத்தில் மூன்று மாதத்துக்கு ஒரு முறை முன்னேற்றத்தைப் பதிய வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. அதைவிட அடிக்கடி உங்கள் தளத்தில் இருக்கட்டும். தேதியைப் போடும்போது 05/04 என்று எழுதினால் இங்கே ஏப்ரல் ஐந்து, அமெரிக்காவில் இருப்பவருக்கு மே நான்கு. மாதத்தை எழுத்தில் எழுதுங்கள்.

விலையில் ஒரே ஒரு வழி: கையிலிருந்து கடைசியில் போகும் தொகை. சதுர அடிக்கு இவ்வளவு என்று போட்டு, அந்தச் சதுர அடி சூப்பர் பில்ட்-அப் என்று பிறகு சொல்வது பழைய வேலை. கார்பெட் ஏரியா, பிரிபடாத நிலப் பங்கு, இரண்டையும் வீடுவாரியாகப் போடுங்கள். கட்டிக்கொண்டிருக்கும் வீட்டுக்கு ஜி.எஸ்.டி. பொதுவாக 5%, மலிவு விலை வீட்டுக்கு 1%. பணி நிறைவுச் சான்று வாங்கிய பிறகு விற்றால் இல்லை. கிரயப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை பொதுவாக 7% (புது அடுக்குமாடி வீட்டின் முதல் விற்பனைக்கு மதிப்பைப் பொறுத்து இது குறையலாம்), பதிவுக் கட்டணம் 2%. கார் நிறுத்துமிடம், பராமரிப்பு முன்பணம், மின் இணைப்பு என்று வரிசையாகக் கூட்டிக் கீழே ஒரு தொகை வரட்டும். ரூபாயில் இருக்கட்டும். டாலரிலும் திர்ஹாமிலும் மாற்றிக் காட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. நேற்றைய விகிதத்தில் காட்டிய தொகை நாளைக்கு வாக்குவாதம் ஆகும்.

யார் வாங்க முடியாது என்பதைச் சொல்லும் தளத்தை நான் மிக அரிதாகவே பார்த்திருக்கிறேன். அந்நியச் செலாவணி விதிகளின்படி வெளிநாடு வாழ் இந்தியரும் ஓ.சி.ஐ. அட்டை வைத்திருப்பவரும் வீடும் வணிகக் கட்டடமும் வாங்கலாம். விவசாய நிலம், தோட்டம், பண்ணைவீடு வாங்கக் கூடாது. அவை வாரிசுரிமையாக வரலாம், விலை கொடுத்து வாங்க முடியாது. ஆனால் 'என்.ஆர்.ஐ. சிறப்பு' என்று பண்ணை நிலம் விற்கும் தளங்கள் தாராளமாக இருக்கின்றன. அதே போல, டொராண்டோவில் இருக்கும் ஈழத்தமிழர் சென்னையில் ஒரு வீடு வேண்டும் என்று கேட்பார். அவர் கனடியக் குடிமகனாக இருந்தாலும் இந்திய வம்சாவளி இல்லாததால் பொதுவாக அவரால் வாங்க முடியாது. இலங்கைக் குடியுரிமையில் இருப்பவருக்கு ரிசர்வ் வங்கியின் அனுமதி வேண்டும். இதை முகப்பிலேயே நாலு வரியில் எழுதி, 'பணம் கட்டும் முன் உங்கள் நிலையைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்' என்று சொன்னால், வாங்கத் தகுதியுள்ளவரும் அதைப் படிப்பார். வர இருந்த வியாபாரத்தை வேண்டாம் என்று சொல்கிறவர்களைப் பற்றி அவர் என்ன நினைப்பார் என்பதை உங்களிடமே விடுகிறேன்.

பவர் பத்திரத்தில் நிறையச் சிக்கல் வருகிறது. வெளிநாட்டில் எழுதிய அதிகாரப் பத்திரத்தை இந்தியத் தூதரகத்திலோ, அந்த நாட்டு நோட்டரி, அப்போஸ்டில் வழியாகவோ சான்றொப்பம் பெற்று, இங்கு வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும். இதைப் படிப்படியாக எழுதுங்கள். கூடவே, இந்த ஒரு வீட்டை வாங்கி, பதிவு செய்து, சாவி வாங்க மட்டும் என்று தனி அதிகாரம் கொடுங்கள், உங்கள் உறவினருக்கே கொடுங்கள் என்று சொல்லுங்கள். 'எங்கள் அலுவலர் பெயரில் பவர் கொடுத்துவிட்டால் எல்லாவற்றையும் நாங்களே பார்த்துக்கொள்வோம்' என்பதை வசதி என்று நினைத்துப் போடுகிறீர்கள். விற்பவரின் ஆளே வாங்குபவருக்காகக் கையெழுத்துப் போடுவதை எந்த வக்கீலும் ஒப்புக்கொள்ளமாட்டார்.

வீடு வாங்குபவரின் பணம் அவருடைய சொந்த என்.ஆர்.இ. அல்லது என்.ஆர்.ஓ. கணக்கிலிருந்தோ, வங்கி வழியாக நேரடியாகவோதான் வர வேண்டும், ரொக்கம் இல்லை. வங்கிக் கணக்கு மாறிவிட்டது என்று மின்னஞ்சலில் சொல்லிப் பணத்தைத் திருப்பிவிடும் மோசடி உலகெங்கும் நடக்கிறது. எங்கள் கணக்கு ஒப்பந்தத்தில் அச்சிட்டதுதான், மின்னஞ்சலிலோ வாட்ஸ்அப்பிலோ ஒருபோதும் மாற்றமாட்டோம் என்று எழுதுங்கள். முகவரிப் பட்டையில் பூட்டுக் குறி இருக்கிறது, ஆகவே பாதுகாப்பு என்று சிலர் பெருமையாகப் போடுகிறார்கள். தகவல் இடையில் திருடு போகாது என்பதற்கு மட்டுமே அது சான்று. போலித் தளத்துக்கும் அந்தப் பூட்டுக் கிடைக்கும்.

கடைசியாகத் தொடர்பு கொள்ளும் பக்கம். இங்கேதான் வடிவமைப்பாளர்கள் அதிகம் கெடுக்கிறோம். 1800 என்று தொடங்கும் கட்டணமில்லா எண் பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து போகாது. +91 போட்ட சாதாரண எண் வேண்டும். பத்து இலக்கத்துக்கு மேல் ஏற்காத படிவத்தில் சிங்கப்பூர் எண்ணை எங்கே எழுதுவது? ஓ.டி.பி. இந்திய எண்ணுக்கு மட்டும்தான் வரும் என்றால் என்ன செய்வது? அமீரகத்தில் வாட்ஸ்அப் குரல் அழைப்புக்குக் கட்டுப்பாடு இருக்கிறது. 'வாட்ஸ்அப்பில் கூப்பிடுங்கள்' என்ற பொத்தான் அங்கே வேலைக்கு ஆகாது, செய்தி அனுப்பும் வசதி வேண்டும். சிங்கப்பூர் நமக்கு இரண்டரை மணி நேரம் முன்னால், துபாய் ஒன்றரை மணி நேரம் பின்னால், நியூயார்க் கோடையில் ஒன்பதரை, குளிரில் பத்தரை மணி பின்னால். சவூதியிலும் குவைத்திலும் வார விடுமுறை வெள்ளி, சனி. ஞாயிற்றுக்கிழமை நேரலையில் வீடு காட்டுகிறோம் என்றால் அங்கே அவர் வேலையில் இருப்பார். எந்த நேரம் வசதி என்று அவரே அவருடைய ஊர் நேரத்தில் குறிக்கட்டும். ஒரு முறை எண் கொடுத்த பாவத்துக்கு ஏழு ஏஜென்டுகள் நள்ளிரவில் கூப்பிட்டால், அந்த எண்ணை யாருக்கு விற்றீர்கள் என்று அவர் சரியாகவே ஊகிப்பார். கடவுச்சீட்டின் நகலைப் படிவத்தில் கேட்காதீர்கள். 2023-இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்துவிட்டது. பதிவு நாள் நெருங்கும் முன் அந்த நகல் உங்களுக்குத் தேவையும் இல்லை.

'இன்னும் 3 வீடுகளே மீதம்' என்று ஓடும் கடிகாரத்தை எடுத்துவிடுங்கள். அடுத்த மாதமும் மூன்றுதான் இருக்கும், அவர் அடுத்த மாதமும் பார்ப்பார். மகிழ்ந்த வாடிக்கையாளர் என்று வெளிநாட்டுப் புகைப்படத் தளத்தில் வாங்கிய முகங்களையும் எடுத்துவிடலாம். அந்த இடத்தில் ஒரு பட்டியல் போடுங்கள்: இதுவரை முடித்த கட்டடங்கள், முகவரி, சாவி கொடுப்பதாகச் சொன்ன மாதம், கொடுத்த மாதம். தாமதமானால் ஏன் என்று ஒரு வரி. ஊரில் இருக்கும் அந்த மாமனார் ஒரு மாலையில் இரண்டு கட்டடங்களைப் போய்ப் பார்த்து, வாசலில் நிற்பவரிடம் லிஃப்ட் வேலை செய்கிறதா என்று கேட்டுவிட்டு வருவார்.

இதற்கெல்லாம் ஆள் வேண்டுமே என்று முன்வரிசையில் ஒருவர் என்னைப் பார்க்கிறார். வேண்டும்தான். மாதம் ஒரு முறை படம் எடுக்கவும், வில்லங்கம் புதிதாக எடுத்துப் போடவும், கேட்ட கேள்விக்கு மறுநாளுக்குள் பதில் எழுதவும் ஒருவர் பொறுப்பில் இருக்க வேண்டும். அவர் விற்பனைப் பிரிவில் இருக்கக் கூடாது என்பது என் கருத்து, ஆவணங்களைக் கையாளும் பிரிவில் இருந்தால் நல்லது. தளம் செய்கிறவர்கள் ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தத்தில் இதைச் சேர்த்தே விலை சொல்லுங்கள். கட்டுபவர்கள் அதில் பேரம் பேசாதீர்கள். மாதிரித் தாள் ஒன்றை அச்சிட்டு வெளியே மேசையில் வைத்திருக்கிறேன். எடுத்துப் போய், இப்போது விற்றுக்கொண்டிருக்கும் திட்டத்துக்கு நிரப்பிப் பாருங்கள். எந்தக் கட்டம் காலியாக இருக்கிறது என்பதைத் தேநீருக்குப் பிறகு பேசலாம்.